இரண்டு பக்கத்திலும் என் பெயர்

எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், சன்னல் கம்பியில், நூல் கட்டிய ஒரு பிளாஸ்டிக் அட்டை தொங்குகிறது. கூரைக் காற்றாடியைப் போட்டால் அது மெல்லத் திரும்பும். ஒரு பக்கம் இரண்டு பத்திகளாக அச்சான செய்தி. தடித்த தலைப்பு, லேசாக மஞ்சள் படர்ந்த தாள், நாளிதழிலிருந்து கையால் கிழித்தது போன்ற ஓரம். மறு பக்கம் வெறும் நான்கு வரி, அதற்கு மேலே 'திருத்தம்' என்று ஒரு சொல். இரண்டின் அடியிலும் என் பெயர் இருக்கிறது. பெரியம்மா எங்களோடு வந்து தங்கிய நாளில் துணிப்பையிலிருந்து முதலில் எடுத்து மாட்டியது இதைத்தான். எடுத்துவிடலாமா என்று நான் கேட்டதில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. நான்கு வயது மகள் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். சீக்கிரமே அந்த அட்டையைப் படித்துவிடுவாள். அதற்கு முன்னால், அதன் இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் நின்ற ஒருவரைப் பற்றி எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோரும் அவரை நிருபர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெடாஸுக்கு அப்பால் உள்ள எங்கள் செம்பனைத் தோட்டத்தில் அவர் பிறக்கவில்லை. சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஓய்வு நாளில் தமிழ் நாளிதழ் ஒன்றின் மாவட்டப் பக்கத்துக்குச் செய்தி சேகரிப்பார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும், போட்டிருக்கும் நல்ல சேலையோடு அப்படியே மோட்டாரில் ஏறி வந்துவிடுவார். தலைக்கவசத்துக்குள் நசுங்கிய மல்லிகைப் பூவோடு அவர் இறங்குவதைப் பார்த்து லயத்துப் பெண்கள் சிரிப்பார்கள். கோயில் திருவிழா, தண்ணீர்க் குழாய் உடைந்தது, தமிழ்ப்பள்ளிக் கூரை ஒழுகுவது என்று எல்லாம் அவர் கையால்தான் பேப்பருக்குப் போகும். போனது வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் அதை வெட்டி, ரெம்பாவில் உள்ள எழுதுபொருள் கடையில் லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவார்கள். வேறு எந்த ஊரில் இந்தப் பழக்கம் இருக்கிறதோ தெரியாது. எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீட்டில் ஒன்பது வீட்டுச் சுவரில் ஏதாவது ஒரு பேப்பர் துண்டு பளபளத்துக்கொண்டிருக்கும். பிறப்புப் பத்திரம், ஐசி எனும் அடையாள அட்டை இவற்றுக்கு அடுத்தபடி எங்களுக்குச் சான்று என்றால் அதுதான்.

பெரியம்மா வீட்டுத் துண்டு எல்லாவற்றிலும் சிறியது. எனக்குப் பதினாறு வயதானபோது பெரியப்பா இறந்தார். மழையில் மோட்டார் சறுக்கிப் பெரிய சாலையில் விழுந்தார். மறுநாள் பேப்பரில் நிருபர் அக்கா எழுதிய செய்தியில், அவர் மது அருந்தியிருந்ததாகக் கூறப்படுகிறது என்று ஒரு வரி இருந்தது. தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர் போனில் சொன்னதை அவர் அப்படியே எழுதியிருந்தார். பெரியப்பா ஒரு நாளும் குடித்தவர் இல்லை. அந்த ஒரு துண்டை மட்டும் லயத்தில் யாரும் வெட்டவில்லை. பெரியம்மா அழுவதை நிறுத்திவிட்டு, வந்தவர்களிடம் எல்லாம் "அவரு குடிக்க மாட்டாருங்க, உங்களுக்குத் தெரியும்லா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் பேப்பரில் வந்துவிட்டதே என்ற ஒன்று எல்லோர் கண்ணிலும் இருந்தது.

மருத்துவமனை அறிக்கை வந்த பிறகு நிருபர் அக்காவே அதைத் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து, மழை விட்ட மாலையில், அன்றைய பேப்பரைச் சுருட்டி நெகிழிப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. உள்பக்கத்தில், விளம்பரங்களுக்கு நடுவில், பெரியப்பா மது அருந்தியிருக்கவில்லை என்று மூன்று வரியில் திருத்தம் வந்திருந்தது. அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். பெரியம்மா, "இத ஊரே படிக்குமா, தங்கச்சி?" என்று கேட்டார். படிக்கும் என்று சொல்லியிருந்தால் பெரியம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "மொதல்ல வந்தத படிச்சவங்கள்ல பாதி பேரு படிச்சா பெருசு, அக்கா" என்றார் அவர். அப்புறம் அந்தப் பேப்பரோடு வரிசையின் முதல் வீட்டுக்குப் போனார். பன்னிரண்டு வாசலிலும் நின்று, நான் எழுதியது தவறு என்று சொல்லி, மூன்று வரியையும் படித்துக் காட்டிவிட்டுத்தான் மோட்டாரை எடுத்தார். அவருடைய சேலையின் கீழ்ப்பக்கம் எல்லாம் சேறு. அந்த மூன்று வரியைத்தான் பெரியம்மா லேமினேட் செய்து பெரியப்பா படத்துக்குக் கீழே மாட்டினார்.

அதற்குப் பிறகு அவரைக் கிண்டல் செய்வது லயத்தில் வழக்கமாகிவிட்டது. "என்னாக்கா, நாங்க செத்தாத்தான் வருவீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். "செத்தாலும் ரெண்டு பேரு சொன்னாத்தான் எழுதுவேன்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனாலும் சொல்லும்போது பெரியம்மா வீட்டுப் பக்கம் பார்க்க மாட்டார்.

நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தேன், மணமாகி சிரம்பானுக்கு வந்தேன், மகள் பிறந்தாள். எட்டு மாதக் குழந்தையோடு வெளி வேலைக்குப் போக முடியாதிருந்த நேரத்தில், கூடப் படித்த ஒருத்தி மூலமாக அந்த இணையத்தளத்து வேலை வந்தது. வீட்டிலிருந்தே எழுதலாம். தளத்தின் பெயரிலேயே 'செய்தி' என்ற சொல் இருந்தது. கடைவீட்டு மாடியில் ஓர் அறை, அதில் ஒரு சார். ஒரே ஒரு முறைதான் அங்கே போயிருக்கிறேன். மற்றபடி எல்லாம் கைப்பேசியில்தான். அவர் குறிப்புகளை அனுப்புவார், நான் நல்ல தமிழில் செய்தியாக்கிக் கொடுப்பேன். அதைத் தளத்தில் போடுவதோடு, நாளிதழில் வந்து கிழித்தெடுத்தது போன்ற படமாகவும் செய்து கைப்பேசிப் புலனக் குழுக்களில் விடுவார்கள். மஞ்சள் நிறமும் கிழிந்த ஓரமும் கணினியில் போடுவது. "நம்ம ஆளுங்க லிங்க்க தொறக்க மாட்டாங்கம்மா. கட்டிங்னா நம்புவாங்க" என்று சார் சொன்னார். எங்கள் வீட்டுச் சுவர்களை அவர் பார்த்ததில்லை. ஆனால் எப்படியோ தெரிந்து வைத்திருந்தார். எனக்கு அது அப்போது கெட்டிக்காரத்தனமாகப் பட்டது.

எங்கள் வட்டாரத்தில் நாடாளுமன்ற இடைத்தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்த சமயத்தில்தான் தோட்ட நிலம் கைமாறியது. லயத்தை இடிப்பார்கள், பதிலாக அருகிலேயே சிறிய வீடுகள் கட்டிக் கொடுப்பார்கள், வேண்டியவர்கள் ஒரு வெள்ளிக்கிழமைக்குள் ரெம்பாவில் உள்ள அலுவலகத்தில் படிவத்தில் கையெழுத்திட்டுப் பெயர் பதிய வேண்டும். இதுதான் ஏற்பாடு. அந்த வாரம் சாரிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. படிவத்தில் கையெழுத்திட்டால் லயத்து வீட்டின் மீதுள்ள உரிமையும் போய்விடும், புதிய வீடும் கிடைக்காது, எல்லாம் சட்டமன்ற உறுப்பினரின் தந்திரம் என்று இருந்தது. யார் சொன்னது சார் என்று கேட்டேன். இதை நான் கேட்டேன் என்பதை இன்றும் எனக்குள் ஒரு சாக்காக வைத்திருக்கிறேன். "உள்ள இருந்து வந்த தகவல்மா. இது உங்க தோட்டம்தானே? உங்க பேர போட்டுடுங்க, நல்லா எடுபடும்" என்று பதில் வந்தது. படிவத்தைப் பார்க்கலாமா என்று கேட்க நினைத்தேன். மகளுக்கு அன்று காய்ச்சல். நான் மருந்துப் புட்டியின் தேதியை மூன்று முறை பார்ப்பவள், தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பவள். ஆனால் அந்தச் செய்தியை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் எழுதி அனுப்பினேன். நன்றாக எழுதியிருந்தேன் என்பதுதான் இன்னும் வலிக்கிறது.

புதன்கிழமை பெரியம்மா போன் செய்தார். குரலில் அப்படி ஒரு பூரிப்பு. கோயில் குழுவில் வந்த கட்டிங்கில் என் பெயரைப் பக்கத்து வீட்டார் படித்துச் சொன்னார்களாம். கைப்பேசியை எழுதுபொருள் கடையில் காட்டி அச்செடுத்து, லேமினேட் செய்து, பெரியப்பாவின் திருத்தத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாராம். "உங்க பெரியப்பா இருந்தா பார்த்திருப்பாரு. நம்ம புள்ள பேரு பேப்பர்ல" என்றார். பிறகு சாதாரணமாக, "நான் கையெழுத்துப் போடப் போகலலா. நீயே எழுதிட்டியே. சரிதானே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் இருந்த நேரத்தை நான் பல முறை அளந்து பார்த்திருக்கிறேன். ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம். எனக்குத் தெரியாது பெரியம்மா, விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல அது போதும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. "ஆமா பெரியம்மா" என்றேன். அவருடைய பூரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை என்று அன்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். கெடுக்க மனமில்லாதது என்னுடைய பூரிப்பைத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

பதிவு முடிந்து மறு ஞாயிறு நிருபர் அக்கா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். மணமான பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை. முடி பாதி நரைத்திருந்தது, தலைக்கவசம் மட்டும் அதேதான். சின்ன வயதிலிருந்து என்னை நீ, வா, போ என்று பேசியவர், அன்று "நீங்க" என்றார். பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். அதுதான் அந்தப் படிவம். மலாய் மொழியில், இரண்டே பக்கம். லயத்து உரிமை போகும் என்று அதில் எங்கும் இல்லை. பெயர் பதியாதவர்களுக்குப் புதிய வீடு பரிசீலிக்கப்படாது என்றுதான் இருந்தது. ஆறு வீட்டார் பதியவில்லை. ஆறு பேரும் சொன்ன காரணம் என் கட்டிங். ஆறு பேரையும் அவர் நேரில் பார்த்திருந்தார்.

"நான் திட்ட வரல. இத எழுதப் போறேன். எழுதுறதுக்கு முன்னால உங்க பக்கத்த கேக்கணும்" என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்தத் தகவலை உங்களுக்குச் சொன்னது யார்? தளத்துக்கு ஆசிரியர் யார்? அதில் தவறு வந்தால் எந்த வாசலில் போய்ச் சொல்ல வேண்டும்? சாரின் முழுப் பெயர்கூட எனக்குத் தெரியாது. மூன்று மாதம் அவருக்கு எழுதியிருக்கிறேன். அக்கா என் எதிரிலேயே அந்த எண்ணுக்குப் போன் செய்தார், ஒலிபெருக்கியில். "அத அன்னைக்கே டிலீட் பண்ணிட்டோம்லா, முடிஞ்சு போச்சு" என்று சார் சிரித்தார். தான் நிருபர் என்று அக்கா சொன்னதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

சட்டமன்ற உறுப்பினரின் ஆட்களுக்காகத்தான் இவர் வந்திருக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், அப்படி இருக்கக்கூடாதா என்று ஆசையாகவும் இருந்தது. அப்படியானால் அவரும் என்னைப் போலத்தானே. அவர் நோட்டைத் திருப்பி, எழுதப்போவதைப் படித்துக் காட்டினார். அது அவர் வழக்கம். யாரைப் பற்றி எழுதினாலும் அவர்கள் காதில் போட்டுவிட்டுத்தான் அனுப்புவார். பாதி என்னைப் பற்றி இருந்தது. மறு பாதி சட்டமன்ற உறுப்பினரைப் பற்றி. எல்லோருக்கும் வீடு உறுதி என்று அவர் கோயில் மண்டபத்தில் பேசியதும், படிவத்தில் அப்படி எந்த உறுதியும் இல்லாததும், கேட்டதற்கு அவருடைய அலுவலகம் கொடுத்த பதிலும் சொல்லுக்குச் சொல் இருந்தன. "ரெண்டு பக்கமும் திட்டுவாங்களேக்கா" என்றேன். "போன தடவயும் திட்டுனாங்க" என்றார், நோட்டை மூடிக்கொண்டே.

என் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். கைக்குழந்தை இருக்கிறது, கணவர் வீட்டார் இருக்கிறார்கள், நாளைக்கு வேறு வேலை தேட வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். மகள் தவழ்ந்து வந்து அவருடைய செருப்பை எடுத்து வாயில் வைக்கப் போனாள். அவர் அதை மெதுவாக வாங்கிக்கொண்டு, அன்று முதல் முறையாக நீ என்றார். "அவங்க நம்புனது பேப்பர இல்லமா. உன் பேர." அவ்வளவுதான். பெயரைப் போடுவேன் என்றும் சொல்லவில்லை, விடுவேன் என்றும் சொல்லவில்லை. புதன்கிழமை வரை அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் அந்த அறைக்கும் இந்த அறைக்கும் நடந்தேன். கணவர், "எழுதினா என்ன ஆகும், எழுதலன்னா என்ன ஆகும், அத மட்டும் யோசி" என்றார். எழுதாவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. அதை வாய்விட்டுச் சொன்னபோதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது. செவ்வாய் மாலை நான்கு வரி எழுதி அவருக்குப் போனில் படித்தேன். தகவலில் தவறு நேர்ந்துவிட்டது என்று தொடங்கியிருந்தேன். அவர் திருத்தவில்லை. வழக்கம்போல அதைத் திரும்ப எனக்கே படித்துக் காட்டினார். அவர் குரலில் கேட்டபோது, மழையில் வழுக்கி விழுந்தவள் பேசுவது போல இருந்தது. இருங்கக்கா என்று சொல்லி வேறாக எழுதினேன். படிவத்தைப் பார்க்காமலும் யாரையும் விசாரிக்காமலும் நான் இதை எழுதினேன், இது உண்மையல்ல, இதை நம்பிப் பெயர் பதியாத ஆறு குடும்பத்தாரும் மேல்முறையீடு செய்யலாம், அவர்களுக்காகச் சாட்சி சொல்ல வருவேன். அடியில் என் பெயர். அவருடைய செய்திக்குப் பக்கத்தில் கட்டம் கட்டி வந்தது.

வந்த அன்று மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். வரிசையின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன். வேறு எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். சிலர் உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. ஒரு அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டு, "படிச்ச புள்ளைங்க எழுதுனா நாங்க எப்படி தப்புன்னு கண்டுபுடிக்கிறது?" என்று உண்மையாகவே கேட்டார். பெரியம்மா வீடு ஏழாவது. அவர் கேட்டது ஒன்றுதான். "அன்னைக்கு போன்ல கேட்டேனே?" மகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் பிள்ளைக்கு ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டும் சத்தம் கேட்டது.

மேல்முறையீட்டில் அந்தக் கட்டத்தை ஆதாரமாக இணைத்தார்கள். நானும் போய்ச் சாட்சி சொன்னேன். நான்கு குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். பெரியம்மாவையும் இன்னொரு விதவையையும் சேர்க்கவில்லை. லயத்து வீடு இறந்த கணவர் பெயரிலேயே இருந்ததால், பெயர் மாற்றத்தையும் அந்த வெள்ளிக்கிழமைக்குள்ளேயே கேட்டிருக்க வேண்டுமாம். அவர்கள் மனு பரிசீலனையில் இருக்கிறது என்று கடிதம் வந்தது. இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. இடைத்தேர்தல் முடிந்த வாரத்தில் அந்தத் தளமே காணாமல் போனது. சாரின் எண்ணும் வேலை செய்யவில்லை. லயத்தை இடித்த அன்று பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரியப்பாவின் மூன்று வரியை அவர் படத்தோடு சேர்த்து அலமாரிக்குள் வைத்தார். என்னுடைய பழைய கட்டிங்கின் பிளாஸ்டிக்கைப் பிரித்து, அதன் முதுகில் என் திருத்தத்தை வைத்து, மறுபடி லேமினேட் செய்து எடுத்து வந்திருந்தார்.

நிருபர் அக்கா இப்போது எழுதுவதில்லை. மாவட்டப் பக்கத்தை நிறுத்திவிட்டார்கள். அவர் கணவரின் வேலை மாற்றலோடு ஜோகூருக்குப் போய்விட்டார். கடைசியாகப் பேசியபோது, "அங்க யாரும்மா வாசல்ல போய் நின்னு கேக்குறாங்க?" என்று எங்கள் ஊரைப் பற்றித்தான் கேட்டார். யாருமில்லை என்று சொல்லாமல், மகள் எழுத்துக் கூட்டுவதைப் பற்றிப் பேசினேன். போன தேர்தலில் கட்டிங்குகள் மறுபடி வந்தன. முன்னைவிட அழகாக, நிஜத் தாளின் மடிப்புக்கோடு உட்பட. எது செய்தி, எது யாரோ எதற்கோ செய்தது என்று என்னிடம் கேட்கிறார்கள், படித்தவள் என்று. நான் இன்னும் தடுமாறுகிறேன். இது பொய்யாக இருந்தால் யார் என் வாசலுக்கு வந்து சொல்வார் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். பெரும்பாலும் எந்த முகமும் நினைவுக்கு வருவதில்லை. அதற்காக அது பொய் என்றும் ஆகிவிடாது. ஆனாலும் அதற்குப் பிறகு அதை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

நேற்று மாலை பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகள் நாற்காலியில் ஏறி நின்று, திரும்பிக்கொண்டிருந்த அட்டையைப் பிடித்து, என் பெயரின் முதல் எழுத்தைக் கண்டுபிடித்தாள். திருப்பினாள். அங்கேயும் அதே எழுத்து. "பாட்டி, எந்தப் பக்கம் நெசம்?" என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"ரெண்டும் உங்கம்மா எழுதுனதுதான்" என்றார்.

மகள் கையை விட்டாள். அட்டை காற்றில் மறுபடி திரும்பத் தொடங்கியது.